மூலைக்குழியின் பதில்

ஒரு கேமராவுக்குள் ஒரு சில்லு இருந்தது. கட்டைவிரல் நகத்தளவுதான். அந்த நகத்தளவில் எட்டு லட்சம் ஒளிக்குழிகள் வரிசை வரிசையாகக் குடியிருந்தன.

குழிகளுக்கு ஒரே வேலை. மேலிருந்து விழும் வெளிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கம்பி வழியாக "எவ்வளவு?" என்று கேள்வி வரும்போது, பிடித்தது எவ்வளவோ அதைச் சொல்ல வேண்டும். எட்டு லட்சம் பதில்களும் சேர்ந்தால் ஒரு படம்.

குழிகளின் தலைக்கு மேல் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. கேள்வியைக் கொண்டுவருவதும் பதிலைக் கொண்டுபோவதும் அவைதான். ஆனால் பாதி வானத்தை அவையே மறைத்துக்கொண்டிருந்தன. கம்பியின் மேல் விழுந்த வெளிச்சம் வீண். அதனால் கம்பிகளுக்கும் மேலே, குழிக்கு ஒன்றாக, குமிழ் போன்ற சின்னச் சின்ன வில்லைகளை வைத்திருந்தார்கள். பரந்து விழும் வெளிச்சத்தை வில்லை கூட்டிச் சேர்த்து, கம்பிகளுக்கு நடுவிலிருந்த சந்து வழியாகக் குழிக்குள் இறக்கிவிடும்.

எட்டு லட்சம் வில்லைகளும் ஒரே அளவு. ஒவ்வொன்றும் அதனதன் குழிக்கு நேர் மேலே, இம்மி பிசகாமல்.

"எல்லாருக்கும் ஒரே வில்லை, ஒரே இடம். இதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும்?" என்று கம்பிகள் பெருமையடித்துக்கொள்ளும்.

சில்லின் கடைசி வரிசையில், கடைசி இடத்தில் இருந்தது மூலைக்குழி. அதனிடம் கேள்வி வரும்போதெல்லாம் அது "பதினொன்று" என்று சொல்லும். சில நாள் பத்து. நல்ல நாளில் பன்னிரண்டு. அதே நேரத்தில் சில்லின் நடுவில் இருந்த நடுக்குழி அலட்டிக்கொள்ளாமல் "நாற்பது" என்று சொல்லும்.

"நாம் எல்லாரும் ஒரே மண்ணில் செய்யப்பட்டவர்கள்தானே? உனக்கு மட்டும் என்ன சோம்பல்?" என்று நடுக்குழி ஒருமுறை இடையிலிருந்த குழிகள் வழியாகக் கேட்டு அனுப்பியது.

 தன் மேலேதான் குறை என்று மூலைக்குழி நினைத்தது. தன் சுவரைத் தானே தட்டிப் பார்த்தது, ஓட்டை இல்லை. வில்லையிடம் கேட்டது.

"வருவதில் பாதியை நீயே வைத்துக்கொள்கிறாயா?"

வில்லைக்கு அழுகை வந்துவிட்டது. "நான் எதை வைத்துக்கொள்ள? என் உடம்பே கண்ணாடி மாதிரி. வருவதை எல்லாம் வளைத்துக் கீழே அனுப்புகிறேன். உனக்கு வந்து சேரவில்லை என்றால் நான் என்ன செய்வேன்?"

ஒருநாள் மூலைக்குழி வெளிச்சத்தையே கூப்பிட்டுக் கேட்டது. வெளிச்சத்துக்கு நிற்க நேரமில்லை. விழுந்துகொண்டே பதில் சொன்னது.

"எனக்கு இந்தக் கேமராவில் ஒரே வாசல்தான். அது நடுக்குழியின் தலைக்கு மேலே இருக்கிறது. அங்கே நேராக இறங்குகிறேன். உன்னிடம் வர வேண்டுமானால் சாய்ந்துதான் வர வேண்டும். சாய்ந்து வந்து உன் வில்லையில் நுழைந்தால், அது என்னைக் கொண்டுபோய் உனக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பியின் முதுகில் போடுகிறது."

"இதை யாரிடமாவது சொன்னாயா?"

"என்னிடம் யார் கேட்டார்கள்?" என்றபடியே வெளிச்சம் கம்பியில் விழுந்து சூடாகிப் போனது.

மூலைக்குழி கம்பியிடம் முறையிட்டது. "நான் சொல்வதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாயா? வெளிச்சம் எனக்குச் சாய்ந்து வருகிறது."

"நான் எண்ணைத்தான் கொண்டுபோவேன்" என்றது கம்பி. "காரணத்தை ஏற்றிக்கொள்ள என்னில் இடமில்லை."

சில்லைச் செய்தது கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடம். வடிவமைத்தவள் பூங்கோதை என்ற பொறியாளர். அவளுக்குத் தலைவர் செங்கோட்டுவேல். நிமிர்ந்த ஆள், நல்ல உழைப்பாளி, சொன்ன தேதியில் சொன்னது நடக்க வேண்டும் அவருக்கு.

அந்தக் கேமரா குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணுக்குள் பார்ப்பதற்காக. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைக்கு, கண்ணின் பின்சுவரில் ரத்தக்குழாய்கள் ஓரம் வரைக்கும் வளர்ந்திருக்காது. அந்த ஓரத்தில்தான் பெரும்பாலும் கோளாறு தொடங்கும். சில வாரங்கள் கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம்.

படத்தின் மூலைகள் இருட்டாக இருப்பதைப் பூங்கோதை முதலிலேயே பார்த்தாள். அதற்காகத் திருத்தி என்ற மின்சுற்றை ஏவினாள். சில்லின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் திருத்தி, பதில்கள் எல்லாம் வெளியே போகும் முன் அவற்றைச் சீர்செய்யும்.

"இனி நீ சொல்வதை நான்கால் பெருக்கிக்கொள்கிறேன்" என்று திருத்தி மூலைக்குழியிடம் சொன்னது. "நீ பத்து என்றால் நான் நாற்பது என்பேன். சந்தோஷம்தானே?"

மூலைக்குழிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எந்தக் குழிக்கும் உள்ளே கொஞ்சம் நடுக்கம் உண்டு. பத்து என்பது சில சமயம் ஒன்பதாகும், சில சமயம் பதினொன்றாகும். நான்கால் பெருக்கியபோது அந்த நடுக்கமும் நான்கு மடங்கானது. மூலை பிரகாசமானது, கூடவே பொரிபொரியாகவும் ஆனது.

"என்னம்மா இது, ஓரமெல்லாம் ரவையைக் கொட்டுன மாதிரி இருக்குது?" என்றார் செங்கோட்டுவேல். "வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில காட்டோணும். இதைக் கொண்டுபோய் வெச்சா சிரிப்பாங்க."

"வெளிச்சம் பத்தலைங்க சார். ஏன்னு பாக்கோணும். ஒரு மாசம் குடுத்தீங்கன்னா..."

"மாசமா? நாலு மூலையிலயும் ரொம்ப மோசமா இருக்கறது எத்தனை?"

"மூலைக்கு முந்நூறு இருக்குமுங்க."

"அத்தனையும் செத்த பட்டியல்ல போட்டுருங்க. எட்டு லட்சத்துல ஆயிரத்து இருநூறு எந்த மூலைக்கு? பக்கத்துல இருக்கறது சொல்றதை வெச்சு அந்த எடத்தை ரொப்பிக்கலாம். எல்லாரும் பண்றதுதான்."

எல்லாரும் செய்வதுதான். எந்தச் சில்லிலும் சில குழிகள் பிறக்கும்போதே செத்திருக்கும். அந்த இடத்தை அக்கம்பக்கத்தை வைத்து நிரப்புவார்கள். ஆனால் இவை சாகவில்லை என்று பூங்கோதைக்குத் தெரியும். பத்து சொல்கிறது, பதினொன்று சொல்கிறது. செத்தது எதையும் சொல்லாது. அவள் ஒரு நிமிடம் விசைப்பலகையின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஆயிரத்து இருநூறு பெயர்களையும் பட்டியலில் ஏற்றினாள்.

மறுநாள் காலை கேள்வி வந்தது. பட்டியலில் இல்லாத குழிகளிடம் நின்று கேட்டது. மூலைக்குழியிடம் வந்தபோது நிற்காமல் போய்விட்டது.

மூலைக்குழி கையில் பதினொன்றை வைத்துக்கொண்டு காத்திருந்தது. அதன் பெயர் கூப்பிடப்பட்டது. ஆனால் பதில் சொன்னது வேறு குரல்.

"மூலைக்குழி, இருபத்தேழு" என்று திருத்தி வாசித்தது.

"அதை நான் சொல்லவில்லையே!"

"தெரியும். பட்டியலுக்கு வெளியே இருக்கும் உன் அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கூட்டிச் சராசரி எடுத்துக்கொண்டேன். நீ இனிமேல் அலட்டிக்கொள்ள வேண்டாம். உன் பெயர் செத்த பட்டியலில் இருக்கிறது."

"நான் உயிரோடுதான் இருக்கிறேன். இதோ, பதினொன்று வைத்திருக்கிறேன்."

"உன் பதினொன்றைவிட என் இருபத்தேழு பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது" என்றது திருத்தி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த வேலை அதுதான்.

மூலைக்குழிக்கு இடப்பக்கம் இருந்த குழி இதற்கெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அது உண்மையிலேயே செத்தது. வில்லைக்கடியில் ஒரு தூசி சிக்கி, முதல் நாளிலிருந்தே இருட்டில் கிடந்தது. இப்போது உயிரோடு இருந்ததும் செத்ததும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரியில் இருந்தன.

வெள்ளிக்கிழமை கேமராவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் டாக்டர் ரெஜினா காத்திருந்தார். ஏழு மாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை, பிறந்து ஐந்து வாரம், எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. அதன் அம்மா மரகதம் தாராபுரம் பக்கத்திலிருந்து வந்தவள். குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேமரா கண்ணுக்கு மேல் வந்தது. வாசல் திறந்தது. எட்டு லட்சம் குழிகளிலும் வெளிச்சம் விழுந்தது. நடுக்குழி, கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு தொடங்கும் இடத்தைப் பார்த்தது. அதைச் சுற்றியிருந்தவை ரத்தக்குழாய்கள் கிளை பிரிந்து போவதைப் பார்த்தன.

மூலையில் ரத்தக்குழாய்கள் சட்டென்று நின்றுபோயிருந்தன. நின்ற இடத்தில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. கோட்டிலிருந்து வந்த வெளிச்சம் மூலைக்குழியில் பதினேழாக விழுந்தது. அதுவரை அந்தக் குழி பதினேழைப் பார்த்ததே இல்லை.

"திருத்தி!" என்று அது கத்தியது. "இங்கே ஒரு கோடு இருக்கிறது. என் வரிசையில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் அதைப் பார்க்கிறார்கள். எங்களைக் கேள்!"

"பட்டியலில் இருப்பவர்களைக் கேட்க எனக்கு உத்தரவில்லை."

"அப்படியானால் நீயாவது ஒன்றும் சொல்லாமல் இரு. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடு."

"வெறுமையாக விடவும் உத்தரவில்லை" என்றது திருத்தி. அக்கம்பக்கத்தாரைக் கேட்டது. அவர்கள் இருந்த இடத்தில் கோடு இல்லை. "மூலைக்குழி, இருபத்தாறு" என்று வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. யாரும் கேட்காத பதினேழைக் கம்பி மட்டும் பழக்கப்படி பதிவேட்டில் போட்டுவைத்தது.

திரையில் படம் வந்தது. மூலை வரைக்கும் வழுவழுவென்றிருந்தது.

"பாத்தீங்களா மேடம், எத்தனை சுத்தமா வருது!" என்றார் செங்கோட்டுவேல்.

டாக்டர் ரெஜினா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையை எடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா புது மெஷினை மட்டும் நம்பி நான் ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

குனிந்து பார்த்தார். ஒரு கண், பிறகு இன்னொரு கண். பிறகு மறுபடி முதல் கண். எழுந்ததும் ஒரு தாளில் வட்டம் போட்டு, அதன் ஓரத்தில் ஒரு கோடு வரைந்தார்.

"அம்மா, இங்க பாருங்க" என்று மரகதத்திடம் சொன்னார். "பாப்பாவோட கண்ணு ஓரத்துல ஒரு கோடு தெரியுது. பயப்படாதீங்க, ஆரம்பத்துலேயே பாத்துட்டோம். வாரா வாரம் கூட்டிட்டு வரணும். கூடுச்சுன்னா வைத்தியம் பண்ணிடலாம். ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது, என்ன?"

"வந்துருவனுங்க டாக்டரம்மா. பஸ்ஸு இல்லாட்டி நடந்தாச்சும் வந்துருவனுங்க" என்றாள் மரகதம்.

அவள் வெளியே போனதும் டாக்டர் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். தாளில் கோடு இருந்தது. திரையில் இல்லை.

"இந்த எடத்துல உங்க கேமரா என்ன பாத்துச்சு?"

செங்கோட்டுவேல் பூங்கோதையைப் பார்த்தார். பூங்கோதை தரையைப் பார்த்தாள்.

"அங்க எதையும் பாக்கலைங்க மேடம். அந்த எடத்துல இருக்கற பிக்சலை எல்லாம் செத்ததுன்னு போட்டுட்டு, பக்கத்தை வெச்சு ரொப்பிட்டோமுங்க. நாந்தான் போட்டேன்."

"செத்ததுன்னா கருப்பா விட்டிருக்கணும். கருப்பா இருந்தா அங்க நான் சந்தேகப்படுவேன். நீங்க அங்க ஆரோக்கியமான கண்ணை இல்ல வரைஞ்சு வெச்சிருக்கீங்க!"

 திரும்பி வரும்போது, கார் சூலூரைத் தாண்டியதும் செங்கோட்டுவேல் பூங்கோதையின் பக்கம் திரும்பினார். "அந்த ஒரு மாசத்தை எடுத்துக்கம்மா" என்றார்.

பூங்கோதை ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் பட்டியலை அழித்தாள். பதிவேட்டில் கிடந்த, திருத்தி கை வைக்காத பழைய பதில்களை எடுத்துப் பார்த்தாள். இருட்டில், பொரிபொரியாக, வளைந்து ஒரு கோடு. அந்த மூலை பார்த்திருக்கிறது. பார்த்ததைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறது. இவள்தான் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை சில்லைக் கேமராவிலிருந்து கழற்றித் தனியாக ஒரு தட்டில் வைத்தாள். வாசல் இல்லை, முன்கண்ணாடி இல்லை. எல்லாக் குழிகள் மேலும் நேராக விழும்படி ஒரு விளக்கைப் பொருத்தினாள்.

"எவ்வளவு?" என்று கேள்வி வந்தது.

"நாற்பது" என்றது நடுக்குழி.

"நாற்பது" என்றது மூலைக்குழி. சொன்ன பிறகுதான் அதற்கே உறைத்தது. தன் சுவரிலும் குறையில்லை, தன் வில்லையிலும் குறையில்லை.

பூங்கோதை எண்களை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு தட்டை மெதுவாகச் சாய்த்தாள். கேமராவுக்குள் மூலைக்கு வெளிச்சம் எந்தச் சாய்வில் வருமோ, அந்த அளவுக்கு.

"எவ்வளவு?"

"பதினொன்று" என்றது மூலைக்குழி, பழக்கப்பட்ட குரலில்.

 அடுத்து நடுக்குழியிடம் கேள்வி வந்தது.

"பதினொன்று" என்றது நடுக்குழி.  "எனக்கு என்ன ஆயிற்று? நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தேன்? என் வில்லை அப்படியே இருக்கிறது, நானும் அப்படியே இருக்கிறேன். வெளிச்சமெல்லாம் எங்கே போகிறது?"

"உனக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்பியின் முதுகில்" என்றது மூலைக்குழி.

 "தினமும் உனக்கு இப்படித்தானா?" என்று நடுக்குழி கேட்டது.

"தினமும் இப்படித்தான்."

பூங்கோதை செங்கோட்டுவேலைக் கூட்டிவந்து காட்டினாள். "வில்லையை எல்லாம் நேர் மேல வெச்சது தப்புங்க சார். நடுவுக்கு அது சரி. ஓரத்துக்குப் போகப் போக, வில்லையைக் கொஞ்சம் கொஞ்சமா நடுப்பக்கமா நகத்தோணும். அப்பத்தான் சாஞ்சு வர்ற வெளிச்சம் சரியா குழிக்குள்ள எறங்கும்."

அவர் உருப்பெருக்கியில் நெடுநேரம் பார்த்தார். "வரிசை கலைஞ்சு போகுமே. பாக்கவே கோணலா இருக்குமே."

"கோணலாத்தான் இருக்குமுங்க."

"செய்யுங்க" என்றார்.

பழைய வில்லைகளைக் கரைத்துக் கழுவினார்கள். ஒருநாள் முழுக்க எட்டு லட்சம் குழிகளும் கூரையில்லாமல் கிடந்தன. பிறகு சதுரச் சதுரமாகப் புது வில்லைத்துண்டுகளைப் பதித்துச் சூடேற்றினார்கள். சூட்டில் ஒவ்வொரு சதுரமும் இளகி, தானே உருண்டு குமிழானது. நடுக்குழியின் வில்லை நேர் மேலே உட்கார்ந்தது. மூலைக்குழியின் வில்லை பக்கத்து வீட்டுக் கூரையில் கால்வாசி ஏறி உட்கார்ந்தது.

கம்பிகளுக்கு இது பிடிக்கவில்லை. "மூலையில் இருப்பவருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? எல்லாருக்கும் ஒரே இடம் என்பது என்ன ஆயிற்று?"

இந்த முறை பதில் சொன்னது நடுக்குழி. "நீங்கள் ஒருநாளாவது சாய்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன். சும்மா இருங்கள்."

சில்லு மறுபடி கேமராவுக்குள் போனது. புதிதாகப் போட்ட பட்டியலில் உண்மையிலேயே செத்த ஏழு பெயர்கள்தான் இருந்தன. மூலைக்குழியின் இடப்பக்கத்துக் குழியும் அதில் ஒன்று. புது வில்லையும் அதை எழுப்பவில்லை. அந்த ஏழு இடங்களையும் நிரப்பாமல் கருப்பாகவே விடும்படி திருத்திக்கு உத்தரவாகியிருந்தது.

மரகதம் சொன்ன சொல் தவறாமல் வாரா வாரம் வந்தாள். ஐந்தாவது வாரம் கோடு தடித்திருந்தது. டாக்டர் தன் கையிலிருந்த வில்லையால் பார்த்தார். பிறகு கேமராவாலும் பார்த்தார். இரண்டிலும் ஒரே கோடு. அன்றைக்கே லேசர் வைத்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் கோடு மெல்ல அடங்கியது. ஒருநாள் டாக்டர் கையிலிருந்த சாவிக்கொத்தை ஆட்டியபோது, குழந்தை கண்ணைத் திருப்பி அதையே பார்த்தது. மரகதம் அப்போதுதான் முதல்முறையாக அந்த அறையில் முகத்தைத் திருப்பாமல் நின்றாள்.

அந்தப் பகல் முழுக்க கேமராவுக்கு ஓய்வில்லை. இன்னும் பதினோரு குழந்தைகள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் கேள்வி வரிசை வரிசையாகப் போய், கடைசி வரிசையின் கடைசி இடத்திலும் நின்றது.

"மூலைக்குழி, எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

திருத்தி அதை அப்படியே வாசித்தது. கூட்டவில்லை, பெருக்கவில்லை. பிறகு, கொஞ்சம் தயங்கி, "நடுவில் நாற்பது. உனக்கு இரண்டு குறைகிறதே. அதற்கு நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்டது.

"வேண்டாம்" என்றது மூலைக்குழி. "நாளைக்கும் வந்து கேள், போதும்."